பின்னிட்டு நடந்த இரண்டு பேர்

கேள்வி:

"அன்புள்ள ரீச்சர், எனக்கு 17 வயது. வலிகாமத்தில் இருக்கிறேன், உயர்தரம் கணிதப் பிரிவு. போன வருசம் திடப்படுத்தல் எடுத்தேன். ஓகஸ்ட் லீவில் நடந்த வாலிபர் முகாமின் கடைசி இரவு அழுது ஜெபித்து என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். மூன்று மாதம்தான் ஆகுது, இப்போது ஜெபிக்க இருந்தால் ஒன்றும் வருகுதில்லை. ஞாயிறு காலமை தியறி வகுப்பு இருப்பதால் ஒன்றுவிட்ட கிழமைதான் கோயிலுக்குப் போகிறேன். அப்பாவின் பக்கம் சைவம். சோதனைக்குப் போகும்போது அப்பம்மா திருநீறு பூசிவிடுவா, நான் ஒழுங்கை முடக்கில் துடைத்துவிடுவேன். பள்ளிக்கூட வாணி விழாவில், அதுதான் சரஸ்வதி பூசையில், கடலையும் அவலும் சாப்பிட்டேன். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிட்டதால்தான் ஜெபம் அடைபட்டுக் கிடக்குது, சைவப் பெடியளோடு சேராதே என்று எங்கள் வாலிபர் சங்கத்து அண்ணா சொல்லுறார். என்னுடைய கூட்டாளிகள் எல்லாரும் சைவம்தான். ரியூசனில் ஒருத்தனின் அப்பா குடித்துவிட்டு றோட்டில் விழுந்து கிடந்த வீடியோ ஒன்று வந்தது, எல்லாரும் போட்டினம், நானும் ஒரு குறூப்புக்கு அனுப்பினேன், அவன் இப்ப வகுப்புக்கு வாறதில்லை. இந்த வயதில் உண்மையாகக் கிறிஸ்துவின் சீஷனாக இருக்க ஏலுமா? இல்லாவிட்டால் இதெல்லாம் படிப்பு முடிந்த பிறகா?"

பதில்:

தம்பி,

உம்முடைய கடிதம் நாலு பக்கம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் வாணி விழாக் கடலைக்கு ஒரு பக்கம், அப்பம்மாவின் திருநீற்றுக்கு முக்கால் பக்கம், ஞாயிறு வகுப்புக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர். தகப்பன் றோட்டில் கிடந்ததை ஊரே பார்த்த அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு வசனம். அதையும் "எல்லாரும் போட்டினம்" என்பதற்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர். பாடசாலைகளில் பிள்ளைகளோடு இருந்து கதைக்கிற உளவளத்துணை வேலையை இருபது வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன். ஒரு பிள்ளை எதை அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குத் தாவுகிறதோ, அங்கேதான் பெரும்பாலும் நோவு இருக்கும். அந்த வசனத்தை நீர் எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதினீர். அதற்காகவே உமக்கு விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு வருமுன் அண்ணா சொன்னதைப் பார்ப்போம். அது உம்மைப் பிழையான இடத்தில் தேட வைத்திருக்கிறது.

படைத்த உணவைச் சாப்பிடலாமா என்பது கொரிந்து சபையைப் பிரித்த கேள்வி. அப்போஸ்தலர் பவுல் அந்தச் சபைக்கு எழுதிய முதலாம் கொரிந்தியர் கடிதத்தில், 8ஆம் அதிகாரத்தில் அதைத் தொடங்கி 10ஆம் அதிகாரத்தில்தான் முடிக்கிறார். ஒரு வசனத்தை மட்டும் பிடுங்காமல் முழுதாக வாசித்துப் பாரும். உணவு நம்மைத் தேவனுக்கு முன்னால் உயர்த்தவும் மாட்டாது, தாழ்த்தவும் மாட்டாது என்கிறார். அதே ஆள், விக்கிரக பூசையின் பந்தியில் பங்காளியாகப் போய் இருக்கவேண்டாம் என்றும் சொல்கிறார். தன்னுடைய சாப்பாட்டால் இன்னொருத்தனின் மனச்சாட்சி இடறுமென்றால் தான் இறைச்சியே தொடமாட்டேன் என்றும் சொல்கிறார். பக்கத்தில் இருக்கிறவனுக்கு என்ன ஆகும் என்பதுதான் அவருக்கு அளவுகோல். ஆகவே, வாணி விழாவில் நீர் வழிபாட்டில் சேராமல் மரியாதையாக நிற்கலாம். கூட்டாளி அன்பாக நீட்டுகிற கடலையை வாங்கிச் சாப்பிடலாம். உம்முடைய மனம் ஒப்பவில்லையென்றால் "வேண்டாம் மச்சான்" என்று சிரித்தபடி சொல்லிவிடலாம். என்னுடைய சபையிலேயே இதில் வேறு விதமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே வாங்கில் இருந்துதான் ஆராதிக்கிறேன். ஆனால் ஒரு கை கடலை ஆண்டவருடைய காதை அடைத்துவிடும் என்பதை என்னால் ஏற்க முடியாது. வெளியிலிருந்து மனுசனுக்குள்ளே போவது அவனைத் தீட்டுப்படுத்தாது, அவனுக்குள்ளிருந்து புறப்படுவதே தீட்டுப்படுத்தும் என்று இயேசு சொன்னதை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இந்த மூன்று மாதத்தில் உமக்குள்ளே போனதைத்தான் அண்ணா எண்ணிக்கொண்டிருக்கிறார். உம்மிடமிருந்து புறப்பட்டது என்ன என்று நீர் எண்ணிப் பாரும்.

சைவப் பெடியளோடு சேராதே என்று அவர் சொன்னது எனக்கு உண்மையில் வலித்தது. யாழ்ப்பாணத்து மண்ணில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறார். பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது பக்கத்தில் இருந்து தமிழைச் செப்பம் பண்ணிக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். 1850ஆம் ஆண்டு அது அச்சாகி வந்தது. நாவலர் கடைசிவரை சைவராகவே இருந்தார், பாதிரிமாரோடு கடுமையாக வாதாடியும் இருக்கிறார். கைக்கொண்ட வேலையை மட்டும் திருத்தமாகச் செய்து கொடுத்தார். அவ்வளவு தூரம் போகாமல் என்னுடைய கதையையே சொல்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தம் நெருங்கியதால் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கும் 17 வயது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. எங்களைத் தன் வீட்டு விறாந்தையில் ஏற்றியவ ஒரு சைவ ஆச்சி. "சாப்பிட்டனீங்களோ?" என்பதுதான் அவ கேட்ட முதல் கேள்வி. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா அந்த விறாந்தை மூலையில் இருந்து மெல்லப் பாட்டுப் படித்து ஜெபித்தா. ஆச்சி தன்னுடைய சாமியறை வாசலில் மணியைக் கையில் பிடித்தபடி, அம்மா ஆமென் சொல்லும்வரை அதை அடிக்காமல் நின்றா. சைவரோடு சேராதே என்று யாராவது சொன்னால், அடிக்காமல் நின்ற அந்த மணிதான் எனக்குள் அடிக்கும்.

அப்பம்மாவின் திருநீற்றைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு, நீர் எதிர்பார்க்கிற கருத்தாக இராது. அவ பூசும்போது குனிந்து நிற்கிறீர், ஒழுங்கை முடக்கில் துடைக்கிறீர். அப்பம்மாவுக்கும் உண்மையில்லை, ஆண்டவருக்கும் உண்மையில்லை. தானியேல் பாபிலோனில் உம்மைப்போல மாணவனாகத்தான் இருந்தார். கல்தேயரின் பாஷையும் எழுத்தும் படிக்கவேண்டும் என்று வைத்தார்கள், படித்தார். பெயரை மாற்றினார்கள், அதையும் பொறுத்தார். ராஜாவின் சாப்பாடு மட்டும் மனதுக்கு ஒவ்வவில்லை. அதை வாங்கி ஒளித்துக் கொட்டவில்லை. பொறுப்பானவரிடம் போய் மரியாதையாகப் பேசி, பத்து நாள் மரக்கறி தந்து பாருங்கள் என்று கேட்டார். நீரும் சோதனை நாளுக்காகக் காத்திராமல், ஒரு பின்னேரம் அப்பம்மா முற்றத்தில் ஆறுதலாக இருக்கும்போது போய்ப் பக்கத்தில் இரும். "அப்பம்மா, நான் திருநீறு பூசுறதில்லை. ஆனா சோதனைக்குப் போகேக்கை உங்கட கையை என்ர தலையில வைச்சு ஆசீர்வதிச்சு விடுங்கோ" என்று சொல்லும். அவவுக்கு மனம் நோகலாம். இரண்டு நாள் கதைக்காமலும் இருக்கலாம். ஆனால் பேரன் தன்னுடைய கையைக் கேட்டான் என்பது அவவின் மனதில் நிற்கும். முன்னால் குனிந்து பின்னால் துடைத்ததை ஒருநாள் ஒழுங்கை முடக்கில் அவவே கண்டால், அந்த நோவு இதைவிடப் பெரிது.

ஞாயிறு வகுப்பு. முதலாவதாக, இதை அம்மாவோடு போடுகிற யுத்தமாக்க வேண்டாம். அந்தக் காசு எப்படி வருகிறது என்று உமக்குத் தெரியும். ஞாயிறு விடுமுறை நாளானது கொன்ஸ்தந்தீன் சக்கரவர்த்தி 321ஆம் ஆண்டு போட்ட கட்டளையால். அதற்கு முன்னால் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு, நம்முடைய முன்னோருக்கு ஞாயிறு வேலைநாள். 112ஆம் ஆண்டளவில் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி ரோமச் சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. இந்தக் கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். அவர் பிடித்து வதைத்து விசாரித்தவர்களில் இரண்டு பேர் அடிமைப் பெண்கள், சபையின் ஊழியக்காரிகள். எசமான் எழும்புமுன் எழும்பி இருட்டுக்குள் நடந்து போயிருப்பார்கள். நான் இதைச் சொல்வது உம்மை வெட்கப்படுத்த அல்ல. நேரம் கிடைத்தபடியால் கூடினவர்கள் அல்ல அவர்கள், கூடாமல் இருக்க முடியாதபடியால் நேரத்தைத் தேடினவர்கள். நீரும் தேடிப் பாரும். அதே பாடம் கிழமை நாளில் வேறு வகுப்புக்கு நடக்கிறதா என்று படிப்பிக்கிற சேரிடம் நேரே கேளும்; ஞாயிறு ஆராதனைக்குப் போகவேண்டும் என்று காரணத்தையும் சொல்லும். கேட்கவே வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்ட பிள்ளைகளைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். ஏலாதென்றால், பின்னேர ஆராதனை நடக்கிற கோயில் சைக்கிள் ஓடுகிற தூரத்தில் இருக்கிறதா என்று உங்கள் போதகரிடம் விசாரியும். அதுவும் சரிவரவில்லையென்றால், ஒன்றுவிட்ட ஞாயிறுக்காக உம்மைக் குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம். போகிற ஞாயிறு முழு மனதோடு போம்.

ஜெபம் வருகுதில்லை என்றீர். இரவு ஒரு மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழும்புகிறீர் என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. உம்முடைய வயதுக்கு ஒரு நாளைக்கு 8 தொடக்கம் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும். நாலு மணித்தியாலம் நித்திரை கொள்கிற உடம்பு முழங்காலில் நின்றால் தூங்கி விழும். அது விசுவாசக் குறைவு அல்ல. சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தான், எலியா திரும்பப் படுத்து நித்திரை கொண்டார், இரண்டாந்தரமும் வந்து சாப்பாடு கொடுத்தான். ஆகவே போனை அறைக்கு வெளியே சார்ஜில் போட்டுவிட்டு 11 மணிக்குப் படும். காலையில் பத்து நிமிசம், ஒரு சங்கீதம். 88ஆம் சங்கீதத்தில் தொடங்கும். இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிற ஜெபம் அது, ஆனாலும் வேதாகமத்துக்குள் இருக்கிறது. முகாமின் கடைசி இரவில் வந்த கண்ணீர் பொய்யல்ல. ஆனால் நெருப்பைச் சுற்றி நூறு பேர் பாடும்போது வருகிற அந்த உணர்வு, சொந்த அறையில் தனியே இருக்கும்போது அப்படியே திரும்பி வராது. வரவேண்டும் என்றும் இல்லை.

இனி அந்த வசனத்துக்கு வருகிறேன்.

ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் இருக்கிறார். ஜலப்பிரளயத்தைக் கடந்து வந்த நோவா. திராட்சைத்தோட்டம் போட்டார், குடித்தார், வெறியில் தன் கூடாரத்துக்குள் துணி விலகிக் கிடந்தார். ஒரு மகன் கண்டான். கண்டது அவனுடைய குற்றமில்லை, கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் அவன் வெளியே போய் மற்ற இரண்டு சகோதரருக்கும் சொன்னான். வேதாகமம் அவன் செய்ததாகச் சொல்வது அவ்வளவுதான்: கண்டான், வெளியே போய்ச் சொன்னான். அந்தக் காலத்தில் போன் இல்லை, வாயால் அனுப்பினான். மற்ற இரண்டு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு வஸ்திரத்தை எடுத்து இருவருடைய தோளிலும் போட்டுக்கொண்டு, பின்னிட்டு நடந்து வந்து, முகத்தைத் திருப்பியபடியே தகப்பனை மூடினார்கள். அவருடைய நிலையை அவர்கள் பார்க்கவேயில்லை. பின்னால் கால் வைத்து நடந்து பாரும், தடக்கும், மெதுவாகத்தான் போகலாம், வழி தெரியாது. மூடவேண்டும் என்ற ஒரு எண்ணம் இருந்தபடியால் அப்படி நடந்தார்கள்.

எனக்கு 17 வயதுச் சீஷனைக் காட்டு என்று யாராவது கேட்டால், இந்தப் பின்னிட்டு நடக்கிற நடையைத்தான் காட்டுவேன். ஒரு குறூப்பில் 60 பேர் முன்னால் ஓடிப் பார்க்கும்போது, ஒருத்தன் மட்டும் பின்னால் கால் வைக்கிறான்.

நீர் அந்தப் பிள்ளையை வெறுத்து இதைச் செய்தீர் என்று நான் நினைக்கவில்லை. உம்முடைய வயதில் மூளையில் நிதானித்துத் தீர்மானிக்கிற பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் வளரும். தனியே இருக்கும்போது செய்யாததைக் கூட்டாளிகள் பார்க்கும்போது செய்துவிடுவது இந்த வயதில் அதிகம். முன்பென்றால் கூட்டாளிகள் பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்போது அவர்கள் இரவு ஒரு மணிக்கும் கைக்குள் இருக்கிறார்கள். இதைச் சொல்வது உமக்குத் தப்பிக்க வழி காட்ட அல்ல, உம்மைப் பேய் பிடித்தவன் என்று நீர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. இயேசுவின் சீஷனான பேதுருவும் கூட்டத்துக்குப் பயந்து, அவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுத்தவர்தான். யோவான் 18இல், பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பு மூட்டி நின்றவர்களோடு அவரும் நின்று குளிர்காய்ந்தார் என்று இருக்கிறது. உள்ளே இயேசுவைக் கன்னத்தில் அடிக்கிறார்கள், வெளியே குளிர்காய்கிறார்கள். அடுத்தவன் வீடு எரியக் குளிர்காய்வது என்று நம்முடைய தமிழில் சொல்கிறோமே, அந்த இடத்தில்தான் நீரும் நின்றீர்.

இப்போது அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து பாரும். தகப்பனின் குடி அவனுக்குப் புதிதல்ல. எத்தனை இரவு அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பாயில் கிடத்தி, சேட்டைக் கழற்றி, தாயின் அழுகையைக் கேட்டிருப்பான். குடிக்கு அடிமையாவது ஒரு நோய். அந்த நோய் உள்ள வீட்டுப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது ஒளிப்பதற்கு. வகுப்பு ஒன்றுதான் அவன் யாருடைய மகன் என்று தெரியாமல், கணக்குச் செய்கிற ஒரு பெடியனாக மட்டும் அவன் இருந்த இடம். அந்த இடத்தை நீங்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்துவிட்டீர்கள்.

கடுமையாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. எழுதக் காரணம் இருக்கிறது. அதே இடப்பெயர்வுக் காலத்தில், தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் பின்னேர நேரம் எங்களுக்கு வகுப்பு நடந்தது. நிவாரணமாக வந்த கொப்பிகளில் ஒரு கட்டுக் குறைந்தது. எடுத்தது என்னுடைய சிநேகிதி. எனக்குத் தெரியும், அதில் இரண்டு கொப்பி என்னிடமும் இருந்தது. பழி இன்னொரு பிள்ளையின் மேல் விழுந்தது. மூன்று நாள் அவளை வகுப்புக்கு வெளியே நிற்கவிட்டார்கள். அந்த மூன்று நாளும் நான் வீட்டில் ஜெபித்தேன். ஆண்டவரே உண்மையை வெளிப்படுத்தும் என்றுதான் ஜெபித்தேன். உண்மை என்னுடைய பைக்குள் இருந்தது. பிறகு அவளுடைய குடும்பம் வன்னிக்குப் போய்விட்டது. இன்றுவரை அவளை நான் காணவில்லை. திருவிருந்தில் கை நீட்டுகிற ஒவ்வொரு முறையும் இல்லாவிட்டாலும், சில முறை அவள் அங்கே நிற்பாள். மன்னிப்புக் கிடைத்தது என்று நம்புகிறேன். ஆனால் அவளிடம் கேட்கவேண்டியது கேட்கப்படாமலே இருக்கிறது. உம்முடைய பெடியன் வன்னிக்குப் போகவில்லை. சைக்கிளில் பத்து நிமிசத்தில் இருக்கிறான்.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வதைக் கவனியும். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்திருக்கிறாய், அங்கே நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருக்கிறதென்று ஞாபகம் வருகிறது. அப்படியானால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை, அவனுக்கு உன்மேல். அந்த ஞாபகம் ஜெபிக்கிற இடத்தில்தான் வரும் என்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீர் ஜெபிக்க இருக்கும்போது ஒன்றும் வருகுதில்லை என்கிறீர். ஒன்றுமே வரவில்லையா, அவனுடைய முகம் வருவதால் கண்ணைத் திறந்துவிடுகிறீரா? அண்ணா போட்ட கணக்கையே நான் வேறு பாவத்தைப் போட்டுச் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆண்டவர் உம்மைத் தண்டிக்கக் கதவைச் சாத்தவில்லை. அவர் உம்மோடு கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைக்கிறேன், நீர் கேட்க விரும்பாத ஒரே விசயத்தைப் பற்றி.

என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். முதலில் அம்மாவிடம் சொல்லும். அவ ஏசலாம், ஆனாலும் இதை நீர் தனியே சுமக்கவேண்டிய வயது இது இல்லை. அதன் பிறகு, எந்தக் குறூப்புக்கு அனுப்பினீரோ அதே குறூப்பில் ஒரு வரி போடும்: "அந்த வீடியோவை நான் போட்டது பிழை. தயவுசெய்து எல்லாரும் அழித்துவிடுங்கோ." வசனம் போடவேண்டாம், விளக்கம் வேண்டாம். சிரிப்பார்கள். பாதிரியார் வந்திட்டார் என்று ஸ்ரிக்கர் வரும். இரண்டு மூன்று நாள் குளிரும், நெருப்பை விட்டு விலகினால் குளிரத்தான் செய்யும். ஆனால் ஒருத்தனாவது சத்தமில்லாமல் அழிப்பான். என்னுடைய அனுபவத்தில் அப்படி ஒருத்தன் எப்போதும் இருப்பான், தான் மட்டும்தான் மனம் உறுத்துகிறவன் என்று நினைத்துக்கொண்டு.

அந்தப் பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் மன்னிப்பு அனுப்ப வேண்டாம். நேரே போம். தகப்பன் வீட்டில் இருக்கிற நேரம் வேண்டாம், கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டும் வேண்டாம். "உன்ர அப்பான்ர வீடியோவை நானும் அனுப்பினனான். பெரிய பிழை செய்திட்டன்" என்று அவனுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லும். "நீ மன்னிச்சிட்டன் என்று சொல்லு" என்று கேட்க வேண்டாம், அது அவனிடம் இன்னொரு கடன் கேட்பது. எல்லாரும் போட்டினம் என்றும் சொல்லவேண்டாம். கோயிலுக்கு வா என்று கூப்பிட வேண்டாம், இயேசுவைப் பற்றிப் பேசவும் வேண்டாம். அதற்குரிய நாள் வரலாம், வராமலும் போகலாம், இந்த நாள் அது இல்லை. அவன் ஏசினால் கேளும். கதவைச் சாத்தினால் திரும்பி வாரும், சாத்துவதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது. அடிக்கக் கை ஓங்கினால் திருப்பி ஓங்காமல் விலகி வாரும். ஒருவேளை, செத்துப்போனால் நல்லது என்கிற மாதிரி அவன் ஏதாவது கதைத்தால் அதை உம்முடைய மனதுக்குள் வைத்திருக்க வேண்டாம். சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தாலும் அன்றைக்கே அம்மாவிடமோ பள்ளிக்கூடத்தில் நம்பிக்கையான ஆசிரியரிடமோ சொல்லும். 1926 என்ற மனநல உதவி இலக்கமும், சிறுவர்களுக்கான 1929 இலக்கமும் இருக்கின்றன, நீரே எடுத்துக் கதைக்கலாம்.

பேதுருவின் கதையில் இன்னொரு கரிநெருப்பு இருக்கிறது, யோவான் 21இல், கடற்கரையில். உயிர்த்தெழுந்த இயேசு தன்னுடைய கையால் மூட்டி, மீனைப் போட்டு, இரவு முழுக்கக் கடலில் நின்று களைத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். பேதுருவுக்கு அந்தப் புகையின் மணம் எதை ஞாபகப்படுத்தியிருக்கும் என்று நினைத்துப் பாரும். முற்றத்தில் நடந்ததை இயேசு ஒரு சொல்லாலும் குத்திக்காட்டவில்லை. என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்கிறார், ஒவ்வொரு தரமும் ஆடுகளைக் கையில் கொடுக்கிறார். பிழை விட்டவனுக்கு வேலை கொடுக்கிற ஆண்டவர் அவர்.

படிப்பு முடிந்த பிறகா என்று கேட்டீரே. சீஷன் என்ற சொல்லுக்கு மாணாக்கன் என்பதுதான் பொருள், சுவிசேஷங்களில் இருக்கிற கிரேக்கச் சொல்லும் அதே பொருள்தான், கற்கிறவன். இயேசுவே 12 வயதில் ஆலயத்தில் போதகர் நடுவே இருந்தார், பிறகு நாசரேத்துக்குத் திரும்பிப் போய்த் தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படிந்து இருந்தார், ஏறக்குறைய 30 வயதில்தான் வெளியே வந்தார். அவருடைய 17ஆவது வயதைப் பற்றி நமக்குத் தனியாக ஒன்றும் சொல்லப்படவில்லை. ஞானத்திலும் வளர்த்தியிலும், தேவனுக்கும் மனுசருக்கும் முன்னால் தயவிலும் வளர்ந்தார் என்று லூக்கா ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார். அந்த ஒரு வசனத்துக்குள் எத்தனை பின்னேரம், எத்தனை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், எத்தனை சச்சரவு இருந்திருக்கும். நீர் இப்போது அந்த வசனத்துக்குள்தான் இருக்கிறீர்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். அவன் வராமல் விட்ட நாட்களின் பாடம் எல்லாம் உம்மிடம் இருக்கிறது. போகும்போது அந்தக் கொப்பிகளையும் கொண்டுபோம். வேண்டாம் என்று சொன்னால் திண்ணையில் வைத்துவிட்டு வாரும். கார்த்திகை மழை, பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போம்.